மிக்ஸரின் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள வட்ட கனெக்டர்) அவுட்டை வீட்டு ஆம்ப்ளிஃபயரின் ஆர்சிஏ (நடுவில் ஊசி, சுற்றிலும் வளையம் உள்ள கனெக்டர்) இன்புட்டில் கொடுக்கும்போது 3-ஆம் பின்னை கிரவுண்டோடு சேர்க்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. மிக்ஸருக்குள் என்ன மாதிரி அவுட்புட் சர்க்யூட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்எல்ஆரில் 1 ஷீல்டு (கிரவுண்டில் சேரும் கேபிள் உறை), 2 ஹாட் (சிக்னல்), 3 கோல்டு (ஹாட்டின் எதிர் ஜோடி). ஆர்சிஏவின் நடு ஊசிக்கு 2, வெளிவளையத்துக்கு 1. இதுவரை குழப்பமில்லை. தகராறெல்லாம் 3-ஆம் பின்னில்தான்.

விலை குறைந்த மிக்ஸர்கள் பலவற்றில் 3-ஆம் பின்னில் சிக்னலே வராது. கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும். இதில் சேர்த்தாலும் சரி, விட்டாலும் சரி. 2-க்கும் 3-க்கும் தனித்தனி ஆப்-ஆம்ப் (சிக்னலைத் தள்ளும் சிறு ஆம்ப்ளிஃபயர் சிப்) போட்ட வகையில் 3-ஐ விட்டுவிட வேண்டும். சேர்த்தால் அந்த ஆப்-ஆம்ப் 50 அல்லது 100 ஓம் வழியாக கிரவுண்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். உடனே எரிந்துபோகாது, ஆனால் சூடாகும், சத்தம் கூடும்போது பிசிறும், அந்தக் கரண்ட் மிக்ஸரின் கிரவுண்டில் ஓடி மற்ற சேனல்களையும் கெடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வகையில் நேர் எதிர்: 3-ஐச் சேர்க்காவிட்டால் சர்க்யூட் முழுமையாகாது, ஒலி மெலிந்து தகரம்போல வரும் அல்லது வரவே வராது. டிஆர்வி134 போன்ற சிப் வைத்த ‘கிராஸ்-கப்பிள்டு’ வகையிலும் (2, 3 இரண்டும் ஒன்றையொன்று பார்த்து ஈடுகட்டிக்கொள்ளும் சர்க்யூட்) சேர்க்கத்தான் வேண்டும், அதுவும் மிக்ஸர் முனையிலேயே.

எந்த வகை என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் 3-ஐ விட்ட கேபிளை முதலில் போட்டுப் பாருங்கள். சரியான அளவில் சத்தம் வந்தால் அப்படியே இருக்கட்டும். மெலிந்து வந்தால் மிக்ஸரை அணைத்து, 2-க்கும் 3-க்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். சில பத்து ஓம் காட்டி, 1-க்கும் 2-க்கும் நடுவே ஓப்பனாக இருந்தால் அது டிரான்ஸ்ஃபார்மர். ரெடிமேட் எக்ஸ்எல்ஆர்–ஆர்சிஏ கேபிள்கள் பெரும்பாலும் 1-ஐயும் 3-ஐயும் சேர்த்தே வரும். கண்ணை மூடிக்கொண்டு மாட்டாமல் ஷெல்லைத் திறந்து பார்ப்பது நல்லது.

அடுத்தது லெவல். டிபியூ, டிபிவி இரண்டும் சிக்னல் அளவைச் சொல்லும் அலகுகள். மிக்ஸரின் +4 டிபியூ என்பது 1.23 வோல்ட், வீட்டு ஆம்ப்ளிஃபயர் எதிர்பார்க்கும் −10 டிபிவி 0.316 வோல்ட். வித்தியாசம் ஏறக்குறைய 12 டிபி. இரட்டை ஆப்-ஆம்ப் வகையில் ஒரு பாதியை மட்டும் எடுப்பதால் 6 டிபி தானாகவே குறைந்துவிடும். மீதியை மிக்ஸரின் ஃபேடரில் குறைத்தால் போதும். ஃபேடரை அடிமட்டத்தில் வைத்தே ஓட்ட வேண்டியிருந்தால், ஆர்சிஏ ஷெல்லுக்குள் சிக்னல் ஒயரில் தொடராக ஒரு 10 கிலோ ஓம், ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு 3.3 கிலோ ஓம் சால்டர் செய்தால் 12 டிபி குறையும்.

லேப்டாப்பை மிக்ஸரில் கொடுக்கும்போது அதிகம் பேர் செய்யும் தவறு, ஸ்டீரியோ கேபிளை ஒரே பேலன்ஸ்டு (ஹாட்டுக்கும் கோல்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கும்) டிஆர்எஸ் இன்புட்டில் செருகுவது. டிஆர்எஸ் என்பது டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று தொடர்பு உள்ள ஜாக்; டிப் ஹாட், ரிங் கோல்டு, ஸ்லீவ் கிரவுண்ட். மிக்ஸர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். நடுவில் இருக்கும் பாட்டுக்குரல் காணாமல் போய், எதிரொலி மட்டும் கேட்கும். 3.5 மிமீ ஸ்டீரியோவிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிளைப் போட்டு இரண்டு சேனலில் கொடுங்கள். ஒரே சேனல்தான் இருக்கிறதென்றால் இடது, வலது ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் வைத்து அதன்பின் சேருங்கள். நேரடியாக முறுக்கினால் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதும்.

‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், ஒரு சேனலுக்கு ஒன்று என்று ஷீல்டுக்குள் இரண்டு ஒயர் உள்ள கேபிள் போடுங்கள். லேப்டாப் முனையில் கோல்டையும் ஷீல்டையும் ஸ்லீவில் சேர்த்து, மிக்ஸர் முனையில் டிஆர்எஸ் ஜாக் போட்டு கோல்டை ரிங்குக்கும் ஷீல்டை ஸ்லீவுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். இரண்டு கருவிகளின் கிரவுண்டுக்கு நடுவே ஓடும் கரண்ட் ஷீல்டு வழியாகப் போகும்; அதில் உண்டாகும் வோல்ட்டேஜை மிக்ஸர் பார்ப்பதே இல்லை, ஹாட்டுக்கும் கோல்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். ஒற்றை ஒயர் கேபிளில் அந்த வோல்ட்டேஜ் அப்படியே சிக்னலோடு கலந்துவிடும்.

சார்ஜரைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் வழியாக வருவது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் சிக்னல்போல மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டி) வையுங்கள். டிஐ பாக்ஸ் மைக் லெவலில் கொடுப்பதால் மைக் இன்புட்டில் செருக வேண்டும். பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பது, டேப் ஒட்டி மறைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கருவிக்குள் கசிவு ஏற்பட்டால் மைக்கைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து.

ஃபேண்டம் பவரையும் (மைக்குக்காக மிக்ஸர் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) பார்த்துக்கொள்ளுங்கள். மைக் இன்புட்டில் 48 வோல்ட், 2, 3 இரண்டிலும் 6.8 கிலோ ஓம் வழியாக வரும். அன்பேலன்ஸ்டு (கோல்டு இல்லாத) கருவியை எக்ஸ்எல்ஆரில் கொடுத்தால் அந்த மின்சாரம் கருவியின் அவுட்புட்டுக்குள் போகும். லேப்டாப், கீபோர்டு எல்லாவற்றையும் லைன் ஜாக்கில் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. வேறு வழியில்லாமல் எக்ஸ்எல்ஆரில்தான் கொடுக்க வேண்டுமென்றால், ஃபேண்டத்தை அணைத்து அரை நிமிடம் கழித்துச் செருகுங்கள். பல மிக்ஸர்களில் ஒரே சுவிட்ச் எல்லா மைக் சேனலுக்கும் ஃபேண்டம் கொடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.