அப்பாவோட குவாலிஸ் மாதிரி புது வண்டியும் உழைக்குமா?

கேள்வி: வணக்கம் சார். எங்கப்பா 2001ல டொயோட்டா குவாலிஸ் எடுத்தாரு, அது நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடுச்சு. 2011ல இன்னோவா, அதுவும் மூணு லட்சத்தத் தாண்டிருச்சு. ரெண்டும் ஒரு நாள்கூட நடுரோட்ல நிக்க வெச்சதில்லைங்க. அப்பா ஆயில் மாத்தற தேதியெல்லாம் டைரில எழுதி வெப்பாரு. இப்ப நான் வாரத்துல நாலு நாள் கோயம்புத்தூர் போய் வரணும், தோப்புக்கும் வண்டி வேணும். பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் சேந்து ஓடற இன்னோவா ஹைக்ராஸ் ஹைபிரிட் எடுக்கலாம்னு நான் சொல்றேன், "பேட்டரி வண்டி பத்து வருஷம் தாங்காது, டீசலே எடு"ங்கறாரு அப்பா. டொயோட்டான்னா கண்ண மூடிட்டு வாங்கலாங்களா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: கண்ண மூடிட்டு எந்த கம்பெனியையும் நம்பாதீங்கம்மா. எனக்கும் டொயோட்டான்னா உயிரு, ஆனா 2024 ஜனவரில அவங்க குழுமத்துல டீசல் இன்ஜின் பவர் டெஸ்ட்ல தப்பு நடந்தது வெளிய வந்து, இங்க இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிங்க டெலிவரிய கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க. இன்ஜின் உழைப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, இருந்தாலும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

உங்க குவாலிஸ் அவ்ளோ ஓடுனதுக்குக் காரணம் அந்த இன்ஜின் எளிமை. 2.4 லிட்டர் டீசல், காத்த அழுத்தி உள்ள தள்ற டர்போ கிடையாது, டீசல அதிக அழுத்தத்துல பீச்சற காமன் ரெயில் கிடையாது, அவ்ளோ பெரிய இன்ஜின்ல இருந்து வெறும் 75 குதிரைசக்திதான் எடுத்தாங்க, பிழியாம விட்டதால உள்பாகத்துக்கு அழுத்தம் கம்மி, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரிச்சு மாட்டிருவாரு. 2005ல வந்த இன்னோவா வேற ரகம். 2.5 லிட்டர் டர்போ, காமன் ரெயில், டீசல் சுத்தமா இல்லன்னா அத பீச்சற இன்ஜெக்டர் போயிரும், வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வெக்கிற டைமிங் பெல்ட்ட காலத்துல மாத்தாம விட்டு அது அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் இடிச்சு பெரிய செலவு வெக்கும். அந்த வண்டி மூணு லட்சம் ஓடிருக்குன்னா அதுல பாதி பெருமை அப்பா டைரிக்குத்தான் சேரணும்.

பேட்டரி பயத்துக்கு வர்றேன். டொயோட்டா ஜப்பான்ல பிரியஸ்ங்கற ஹைபிரிட் கார முதல்ல வித்தது 1997ல, கால் நூற்றாண்டுக்கு மேல செய்ற வேலை இது. ஹைக்ராஸ் ஹைபிரிட்ல 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்கூட மோட்டார் சேந்து ஓடுது, தனியா ஸ்டார்ட்டர் மோட்டார் இல்ல, கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டர் தனியா இல்ல, கிளட்ச் இல்ல, அதாவது பழைய வண்டில அடிக்கடி செலவு வெக்கிற ஐட்டங்களே கிடையாது. பிரேக் புடிக்கும்போது மோட்டாரே வண்டிய இழுத்து நிறுத்தி கரண்ட் எடுத்துக்கறதால பிரேக் பேடும் சீக்கிரம் தேயாது. பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுங்கற வகை, அத முழுசா நிரப்பாம முழுசா காலியும் பண்ணாம நடுவுலயே வெச்சு ஓட்டற மாதிரி செட் பண்ணிருப்பாங்க, அதனாலதான் ஆயுசு நீளுது. வாரண்டி 8 வருஷம் இல்லன்னா 1,60,000 கிலோமீட்டர். அதுக்கப்புறம் மாத்த வேண்டி வந்தா செலவு பெருசுதான், அப்பா சொல்றதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு. வண்டிக்குள்ள பேட்டரிக்கு காத்து இழுக்கற ஓட்டைய மட்டும் பை, துணி வெச்சு அடைச்சிடாதீங்க, சூடுதான் அதுக்கு எமன்.

தோப்பு விஷயத்துல அப்பா பக்கம்தான் நான். குவாலிஸும் இன்னோவாவும் லேடர் சேசிஸ், அதாவது ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டத்து மேல பாடி உக்காந்திருக்கும், பின் சக்கரம் தள்ற வண்டிங்க. ஹைக்ராஸ் மோனோகாக், அதாவது சட்டமும் பாடியும் ஒண்ணாவே இருக்கும், முன் சக்கரம் இழுக்கற வண்டி. தேங்கா மூட்டை ஏத்திட்டு வாய்க்கா மேட்டுல ஏத்தி எறக்கறதுக்கு அது செஞ்சதில்ல.

அதனால கோயம்புத்தூர் டிராஃபிக்குக்கு ஹைபிரிட் எடுங்க, நின்னு நின்னு போற ரோட்லதான் அது பெட்ரோல் மிச்சம் புடிக்கும். பழைய இன்னோவாவ விக்காதீங்க, தோப்புக்கு அப்பாகிட்டயே விட்டுருங்க. 15 வருஷம் முடியறப்ப ஆர்சிய, அதாவது வண்டி பதிவுச் சான்ற, ரினியூவல் பண்ணணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ. அதுக்குப் போறதுக்கு முன்னாடி லிஃப்ட்ல ஏத்தி சேசிஸ்ல துரு இருக்கான்னு பாருங்க, டைமிங் பெல்ட் கடைசியா எப்ப மாத்துனதுன்னு டைரில தேடச் சொல்லுங்க, ஒரு லட்சம் ஓடிருந்தா உடனே மாத்திருங்க.