ரீகால் வந்தால் லெமன் சட்டமும் பொருந்துமா?

கலிஃபோர்னியாவில் வாங்கிய புதிய காரில் பிரேக் கோளாறு மூன்று முறை திரும்ப வந்துவிட்டது, ரீகால் கடிதமும் வந்திருக்கிறது, பழுது தீராத கார்களை வாங்கியவர்களைக் காக்கும் ‘லெமன் சட்டப்படி’ பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்பது கேள்வி.

ரீகாலும் லெமன் சட்டமும் வேறு வேறு. ரீகால் என்பது பாதுகாப்புக் குறைபாட்டைத் தயாரிப்பாளர் இலவசமாகச் சரிசெய்து தருவது. 17 இலக்க வாகன அடையாள எண்ணை அமெரிக்கக் கூட்டரசின் சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இட்டால் நிலுவையிலுள்ளவை தெரியும். கடிதம் வந்ததாலேயே கார் ‘லெமன்’, அதாவது பழுது தீராத கார், ஆகிவிடாது.

லெமன் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் முதல் 18 மாதங்கள் அல்லது 18,000 மைல்களுக்குள், உயிருக்கு ஆபத்தான கோளாறுக்கு இரண்டு முறை, மற்றவற்றுக்கு நான்கு முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்றாலோ, கார் மொத்தம் 30 நாட்களுக்கு மேல் பணிமனையில் கிடந்தாலோ சட்டத்தின் அனுமானம் உங்கள் பக்கம் சாயும். பிரேக் என்பதால் உங்கள் வழக்கு வலுவானது என்றே நினைக்கிறேன்.

பலர் கோட்டைவிடுவது பழுதுச் சீட்டில்தான். ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுதினால், ‘கோளாறு தென்படவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘45 மைல் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை இறங்குகிறது’ என்று எழுதச் சொல்லுங்கள்; ஒவ்வொரு முறையும் அதே சொற்களில். தேதியும் ஓடிய மைல் கணக்கும் உள்ள நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். தயாரிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்; விற்பனையாளரிடம் வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.