விடியற்காலைப் பரீட்சை

அன்புள்ள ஐயா,

தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 36. ஆண்டுதோறும் பிப்ரவரி கடைசியில் தொடங்கி, மார்ச் கணக்கு முடியும்வரை எனக்கு ஒரே கனவு. பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட் கையில் இல்லை. மாடிப்படி ஏறிக்கொண்டே இருக்கிறேன், அறை வரவே மாட்டேன் என்கிறது. மணி அடித்ததும் வியர்த்துப்போய் எழுகிறேன். அந்தப் பயத்தில் இரவு ஒரு மணி வரை போன் பார்க்கிறேன். ஐந்தரைக்கு எழ வேண்டும். ஞாயிறு ஒன்பது மணி வரை தூங்கினால் அன்றைக்குத்தான் கனவு ரொம்ப மோசம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். ஒற்றைத் தலைவலிக்குத் தினமும் மாத்திரை போடுகிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பற்றிய வரியில்தான் பாதி விடை இருக்கிறது. காட்சியும் கதையுமாக வரும் கனவுகள் பெரும்பாலும், மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில் வருபவை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் கட்டம் முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். நினைவில் நிற்கும் கனவு விடியற்காலையில் வரும் என்றவரை மாமியார் சொல்வது சரி. பலிப்பதெல்லாம் இல்லை. நாலரை மணி நேரம் தூங்கினால் அதிகம் வெட்டுப்படுவது இந்தக் கட்டம்தான். அந்தக் கடனை ஞாயிறு காலையில் உடம்பு வட்டியோடு வசூலிக்கிறது. ஆகவே மார்ச்சிலும் பதினொரு மணிக்குப் படுத்துவிடுங்கள், ஞாயிறு ஆறரைக்கு எழுந்துவிடுங்கள்.

அடுத்தது, கனவைப் பகலில் மாற்றி எழுதி ஒத்திகை பார்ப்பது. அமெரிக்காவில் தூக்க மருத்துவர் பாரி கிராக்கோவ் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கே இதனால் கொடுங்கனவுகள் குறைந்தன. உங்களுடையது அதைவிட எளிய கனவு.

பழைய கனவை ஒரே ஒருமுறை, நாலைந்து வரியில் எழுதுங்கள். அதை மறுபடி வாசிக்க வேண்டாம். பிறகு உங்கள் இஷ்டப்படி மாற்றுங்கள். "நூற்றுக்கு நூறு வாங்கினேன்" என்று ஜெயித்துக் காட்டத் தேவையில்லை. அப்படி எழுதினால் பரீட்சை பரீட்சையாகவே இருக்கும். படி ஏறி முடித்தால் கல்யாண மண்டபம், பெஞ்சு இருந்த இடத்தில் பந்தி, மேற்பார்வையாளர் சாம்பார் வாளியோடு வருகிறார் என்று வைத்தால்கூடப் போதும். அரைப் பக்கம், நடந்துகொண்டிருப்பது போல எழுதுங்கள். வாழையிலை வாசனை, நாதஸ்வரச் சத்தம் எல்லாம் வரட்டும். தினமும் பகலிலோ மாலையிலோ 10 முதல் 20 நிமிடம் கண்ணை மூடி அதை ஓட்டிப் பாருங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். படுக்கையில் படுத்துக்கொண்டு செய்வார்கள். மனம் நழுவிப் பழைய படிக்கட்டுக்கே போய்விடும். தினம் ஒரு புதுக் கதை எழுதுவார்கள், எதுவும் பதியாது. நாலாம் நாளும் கனவு வந்தது என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று வாரமாவது கொடுங்கள்.

இடையில் கனவு வந்து எழுந்தால் விளக்கைப் போட்டு, காலைத் தரையில் ஊன்றி, கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். மணி பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள்; போன் மட்டும் வேண்டாம். தலைமாட்டில் இரும்பு வைப்பது வீட்டு வழக்கமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், கத்தியாக இல்லாதவரை.

தலைவலி மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். ப்ரோப்ரனோலால் என்றிருந்தால் சிலருக்கு அதனாலும் கொடுங்கனவு வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. தூக்கத்தில் கையைக் காலை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பவர்கள், குறட்டைக்கு நடுவே மூச்சுத் திணறி எழுபவர்கள் ஒத்திகையோடு நிற்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உண்மையில் நடந்த விபத்தோ வன்முறையோ அப்படியே கனவாகத் திரும்பினால் மனநல மருத்துவர் துணையோடு செய்யுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை.

கனவு எந்த மாதம் வரும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரி முதல் வாரமே ஒத்திகையைத் தொடங்கிவிடுங்கள்.