பிங் போகிறது, பில்லிங் மட்டும் நிற்கிறது ஏன்?

கோவை சர்வரோடு பில்லிங் ஏன் நிற்கிறது என்று கேட்டவர் சொன்ன அமைப்பு இது: பாலக்காட்டுக் கடையில் ஃபயர்வால் (போகிற வருகிற பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, சோதிக்கும் காவல் கருவி) 192.168.10.1. கோவைக்குப் போகிற லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) ரவுட்டர் அதே சுவிட்சில் 192.168.10.2. இனி இவற்றை .1, .2 என்கிறேன். கோவை சர்வர் 192.168.20.5-க்கு பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஒழுங்காகப் போகிறது. பில்லிங் சாஃப்ட்வேர் கனெக்ட் ஆன மாதிரி காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. லைன்காரரைத் திட்டிப் பயனில்லை. வாளையார் தாண்டவே வேண்டாம், கோளாறு கடைக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு கனெக்‌ஷன் மூன்று பாக்கெட்டில் தொடங்கும்: சின் (கேட்பது), சின்-ஆக் (சம்மதம்), ஆக் (உறுதி). பிசிக்களுக்கு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், .1. அதனால் முதல் சின் பாக்கெட் ஃபயர்வாலுக்குப் போய், அங்கிருந்து .2 வழியாகக் கோவை சேர்கிறது. பதிலாக வரும் சின்-ஆக் .2-க்கு வந்ததும், பிசி அதே சப்நெட்டில் (ஒரே நெட்வொர்க் பகுதியில்) இருப்பதால், ஃபயர்வாலைத் தொடாமல் நேராக பிசியிடமே போய்விடுகிறது. அடுத்து பிசி அனுப்பும் ஆக் மறுபடியும் ஃபயர்வால் வழியே. சின்-ஆக்கையே பார்க்காத ஃபயர்வால் அதைச் செல்லாத பாக்கெட் என்று தள்ளிவிடும். பிசி கணக்கில் கனெக்‌ஷன் கிடைத்தாயிற்று. சர்வரோ இன்னும் ஆக்குக்குக் காத்திருக்கிறது. பிங்குக்கு இந்த மூன்று கட்டப் பேச்சு கிடையாது, ஃபயர்வால் ஒரு திசையை மட்டும் பார்த்தாலும் விட்டுவிடும்.

உறுதி செய்ய, ஃபயர்வாலின் லேன் (கடைக்குள் இருக்கும் நெட்வொர்க்) போர்ட்டில், பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபி-டம்ப் ஓடவிடுங்கள். சின் தெரியும், ஆக் தெரியும், நடுவில் சின்-ஆக் இருக்காது. பிசியில் அதே வேலை செய்யும் வயர்ஷார்க் போட்டால் அந்த சின்-ஆக்கின் சோர்ஸ் மேக் அட்ரஸ் (அனுப்பிய கருவியின் அடையாள எண்) .2-உடையதாக இருக்கும். சில பிசியில் மட்டும் வேலை செய்தால் குழம்ப வேண்டாம்: ஃபயர்வால் அனுப்பிய ஐசிஎம்பி ரீடைரக்டை (இதைவிட நேர்வழி உண்டு என்ற அறிவிப்பை) அந்த பிசி ஏற்றுக்கொண்டு, நேராக .2-க்கே அனுப்பத் தொடங்கியிருக்கும்.

சரியான வைத்தியம், .2-ஐ லேன் சுவிட்சிலிருந்து கழற்றி ஃபயர்வாலின் தனி போர்ட்டில், /30 சப்நெட்டில் (இரண்டே கருவிக்கு இடமுள்ள சிறு சப்நெட்) போடுவது. அந்த ரவுட்டரில், கடையின் சப்நெட்டான 192.168.10.0/24-க்கு ஃபயர்வாலைக் காட்டும் ரூட் எழுத மறக்காதீர்கள். தனி போர்ட் இல்லையென்றால் டிஎச்சிபி (பிசிக்களுக்குத் தானாக முகவரி தரும் சேவை) ஆப்ஷன் 121-இல் கோவையின் 192.168.20.0/24-க்கு வழி .2 என்று கொடுக்கலாம். அதிலேயே 0.0.0.0/0-க்கு (மற்ற எல்லா முகவரிக்கும்) .1 என்றும் சேர்க்க வேண்டும்; 121 கிடைத்த பிசி, வழக்கமான கேட்வே ஆப்ஷன் 3-ஐக் கண்டுகொள்ளாது, இதைச் சேர்க்காவிட்டால் இன்டர்நெட் நின்றுவிடும். ஃபயர்வாலில் சோர்ஸ் நாட் (அனுப்பிய பிசியின் முகவரிக்குப் பதில் ஃபயர்வால் தன் முகவரியை வைப்பது) போட்டாலும் ஓடும், ஆனால் சர்வர் லாகில் எல்லா பில்லும் 192.168.10.1-இலிருந்து வந்ததாகவே தெரியும். ஸ்டேட் சோதனையையே (முந்தைய பாக்கெட்டைப் பார்த்தோமா என்று ஃபயர்வால் சரிபார்ப்பதை) தளர்த்துவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வெளி இன்டர்நெட்டில் வழி வேறுபடுவது சகஜம், அதைத் திருத்தப் போகாதீர்கள். ஒவ்வொரு இன்டர்நெட் நிறுவனமும் பெரும்பாலும் பாக்கெட்டைத் தனக்கு அருகிலுள்ள இடத்திலேயே அடுத்தவரிடம் தள்ளிவிடும். திரும்பி வரும் வழி எதிர்த்தரப்பு முடிவு. பாக்கெட் கடக்கும் ரவுட்டர்களைப் பட்டியலிடும் ட்ரேஸ்ரூட், போகிற வழியை மட்டுமே காட்டும், இரு முனையிலிருந்தும் ஓட்டிப் பாருங்கள். இதில் சத்தமில்லாமல் அடிபடுவது என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை): போக 10, வர 30 மில்லிசெகண்ட் ஆனால், இரண்டும் 20 என்று எடுத்துக்கொண்டு கடிகாரத்தை 10 மில்லிசெகண்ட் தவறாக வைக்கும்.