எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நீங்கள் எதிர்பார்க்காமல் சந்தித்த விஷயங்கள் என்ன?

2021 நவம்பரில் எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்தார்கள். அப்போது என் எடை 112 கிலோ, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பிஎம்ஐ 45. சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் இன்சுலின் போட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எடை குறையும் என்று தெரியும், சர்க்கரையும் கட்டுக்குள் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டும் நடந்தன. நீங்கள் கேட்பது எதிர்பார்க்காதவற்றை என்பதால் அவற்றைச் சொல்கிறேன்.

முதல் அதிர்ச்சி தண்ணீர். இந்த அறுவை சிகிச்சையில் இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் ஒரு சின்னப் பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலில் கொஞ்ச தூரம் தள்ளி நேராக இணைத்துவிடுகிறார்கள். சாப்பாட்டு அளவு குறையும் என்பது எனக்குப் புரிந்திருந்தது. தாகமும் அந்தப் பைக்குள்தான் அடங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. முதல் இரண்டு மாதம் ஒரு டம்ளர் தண்ணீரை முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அண்ணாந்து குடித்தே பழகியவள் நான். அப்படிக் குடித்தால் காற்றும் சேர்ந்து போய் நெஞ்சு வலிக்கும். வாய் வைத்து, ஒவ்வொரு மிடறாக உறிஞ்ச வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். நான்கு வருடம் ஆகியும் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் டம்ளர் வைக்காமல் இருப்பது இன்னும் முழுசாகப் பழகவில்லை.

அடுத்தது, சாப்பாடு அடைத்துக்கொள்வது. ஒரு வாய் சப்பாத்தியை அவசரமாக மென்று விழுங்கினால் நடு நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். மேலும் போகாது, கீழும் போகாது. வாயில் நுரையாக எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் ஒருமுறை அரை மணி நேரம் கழிவறையில் நின்றிருக்கிறேன். எனக்குச் சப்பாத்தி, காய்ந்த கோழிக்கறி, குழைந்த சாதம் மூன்றும் எதிரிகள். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கலாம். தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்றார்கள். அதனால் முட்டை, மீன், பனீர், சுண்டல் முதலில், பிறகு காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சாதம். சோற்றைத் தொட்டுக்கொண்டு பொரியல் சாப்பிடும் நிலை. “சாப்பிட்டாச்சா?” என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லவே முதலில் தயக்கமாக இருந்தது. நம் ஊரில் சோறு சாப்பிட்டால்தானே சாப்பாடு.

எங்கள் வீட்டில் இது பெரிய விஷயம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, வேலை கோயம்புத்தூரில். ஊருக்குப் போனால் அம்மா சொதி வைப்பாள். தேங்காய்ப்பால் எடுத்து, பாசிப்பருப்பு வேகவைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, உருளைக்கிழங்கு வறுத்து என்று காலையிலிருந்தே அடுப்படியில் நிற்பாள். ஆபரேஷன் முடிந்து நான்காவது மாதம் போனபோதும் அதைத்தான் செய்தாள். நான் நான்கு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். “என்னட்டி, குருவி கொறிச்ச மாதிரி கொறிச்சிட்டு எந்திரிக்கே” என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் சமையலை ஒதுக்கியதாகத்தான் அவளுக்குப் பட்டிருக்கிறது. டாக்டர் சொன்னதை எல்லாம் என்னோடு உட்கார்ந்து கேட்டவள்தான், ஆனாலும் அப்படித்தான் பட்டது. எனக்கும் அதற்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எனக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். சமைத்துப் போடுகிறவர்களையும் அன்றைக்குக் கூட உட்கார வைத்துப் பேசியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பந்தி இதைவிடக் கஷ்டம். இலையில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்து மூடும்போது பரிமாறுகிறவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு கிரகப்பிரவேசத்தில் அத்தை மனம் கோணக்கூடாது என்று பாயசம் ஒரு சின்னக் கப் குடித்தேன். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, வயிற்றைப் பிசைந்து, உட்கார முடியாமல் புது வீட்டுத் தரையிலேயே படுத்துவிட்டேன். பிபி என்று எல்லோரும் பயந்து ஆம்புலன்ஸ் வரை பேசிவிட்டார்கள். இதற்கு டம்பிங் என்று பெயர். இனிப்பு குடலுக்குள் மொத்தமாக வேகமாக இறங்குவதால் வருவது. சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தடாலென்று இறங்கியும் மயக்கம் வரும். அதற்குப் பிறகு நான் யார் மனம் கோணினாலும் பாயசம் தொடுவதில்லை.

முடி கொட்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். படித்தது வேறு, மூன்றாம் மாதத்திலிருந்து சீப்பு நிறைய முடி வந்தது வேறு. இடுப்பு வரை இருந்த சடை எலிவால் ஆயிற்று. பூ வைத்தால் நிற்காது. பத்தாவது மாதம் நெற்றியோரம் குட்டிக் குட்டியாக முளைக்க ஆரம்பித்தது. பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், புரதமும் இரும்புச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பித்தப்பைக் கல். எடை வேகமாக இறங்கும்போது கல் உருவாவது சகஜம். எனக்கு எட்டாவது மாதம் வந்தது, அதற்கு இன்னொரு ஆபரேஷன்.

மாத்திரை விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் குடல் பகுதியைத்தான் பைபாஸில் தாண்டிவிடுகிறார்கள். பி12 சேர்வதற்கும் இரைப்பையின் உதவி வேண்டும். அதனால் விட்டமின், இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுக்க வேண்டும், இரும்பு மாத்திரையோடு காபி கூடாது. இரண்டாவது வருடம் உடம்பு நன்றாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஏழு மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. 112 கிலோவில் வாங்கிய அதே மூச்சு. பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8.2, பி12 தரைமட்டம். ஊசி போட்டுத்தான் மீண்டேன். இன்னொன்று, பல்வலி, முட்டிவலி என்று எந்த டாக்டரிடம் போனாலும் பைபாஸ் செய்திருப்பதை முதலில் சொல்லுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் அந்தச் சின்னப் பையில் புண் உண்டாக்கும். இடைவிடாமல் வாந்தி வந்தால் ஓரிரு நாளுக்கு மேல் வீட்டிலேயே வைத்துப் பார்க்காதீர்கள். தயமின் என்கிற பி1 விட்டமின் குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும் அளவுக்குப் போகலாம்.

கல்யாணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. எடை இறங்கினால் மாதவிடாய் சீராகும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே கணவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இதையெல்லாம் உடம்பு பொறுத்துக்கொண்டது. மனசுக்குத்தான் நேரம் பிடித்தது.

இளைத்தவளைப் பார்த்து யாரும் சந்தோஷப்படவில்லை. “என்னம்மா இப்படி எளைச்சிட்டே, சுகரா?” என்றுதான் கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது வாரமே, எடை பெரிதாகக் குறையும் முன்பே, என் இன்சுலினை நிறுத்தியிருந்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, 9.8 இருந்தது, பிறகு 6.1க்கு வந்தது. அதை எத்தனை பேருக்கு விளக்குவது? விஷயம் தெரிந்தவர்கள் குறுக்கு வழி என்றார்கள். பதினைந்து கிலோவை மூன்று முறை நடந்தும் பட்டினி கிடந்தும் குறைத்து, மூன்று முறையும் அதற்கு மேல் ஏறியவள் நான். அந்தப் பேச்சு இன்றும் வலிக்கிறது.

இன்னொரு பக்கம், முன்பு டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இடம் கடைசி வரை காலியாக இருக்கும். கூட்டம் நிற்கும், அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். இப்போது முதலில் நிரம்புகிறது. ஒன்பது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தும் பேசாத ஒருவர், “மேடம், காபி குடிக்க வர்றீங்களா?” என்று கூப்பிடுகிறார். புடவைக் கடையில் விரித்து விரித்துக் காட்டுகிறார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. நான் அதே ஆள்தானே, அதே வேலை, அதே பேச்சு. ஒரு நாள் பஸ்ஸில், முன்பு அந்த ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்த என்னை நினைத்து அழுதுவிட்டேன்.

மாலை நேரம் இன்னொன்று. வேலை முடிந்தால் நேராக பஜ்ஜிக் கடை, அப்புறம்தான் வீடு. எத்தனையோ வருடப் பழக்கம். ஆறாவது மாதம் ஒரு மழை நாளில் கடை எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்காமலேயே உட்கார்ந்திருந்தேன். பசி துளியும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அலுவலகத்தில் வாங்கிய திட்டை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. மனநல ஆலோசகரிடம் எட்டு மாதம் போனேன். இப்போது அந்த நேரத்தில் ரேஸ்கோர்ஸில் நடக்கிறேன். சில நாள் போதுகிறது, சில நாள் போதவில்லை.

போதாத நாட்களில் மிக்சரும் முறுக்கும் கை நீட்டுகின்றன. சப்பாத்தி அடைக்கும், மிக்சர் அடைக்காது, நொறுங்கி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எடை 70 வரை போய் இப்போது 75ல் நிற்கிறது. ஒன்றரை, இரண்டு வருடத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது, கோடையில் மடிப்புகளில் வேர்க்குரு மாதிரி புண் வருகிறது. அந்தத் தோலை எடுக்கும் ஆபரேஷனை அழகுக்காகச் செய்வதென்று சொல்லி என் இன்சூரன்ஸில் மறுத்துவிட்டார்கள்.

திரும்ப இருந்தால் செய்துகொள்வாயா என்றால், செய்துகொள்வேன். ஆனால் சேருவதற்கு முன் டாக்டரிடம் ஒன்றை அழுத்திக் கேட்பேன்: மூன்றாவது வருடம் எனக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்கவும், சாப்பாட்டைப் பற்றிப் பேசவும் உங்களிடம் யார் இருப்பார்கள்? எனக்குப் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

அம்மா இப்போது என் சின்ன வயது எவர்சில்வர் கிண்ணத்தைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருக்கிறாள். ஊருக்குப் போனால் அதில்தான் சொதி. சோறு கொஞ்சமாக அடியில், பருப்பும் காயும் மேலே. பக்கத்தில் டம்ளர் வைப்பதில்லை.