தண்டம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள விடுதியொன்றைப் பொலிஸார் சுற்றிவளைத்தபோது, கணவரைப் பிரிந்து வாழும் எனது தங்கை (வயது 29) கைதாகி, இப்போது பிணையில் இருக்கிறார். விபசார விடுதியின் நிர்வாகத்துக்கு உதவினார் என்பது குற்றச்சாட்டு. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்கியுள்ளனர். கைப்பையிலிருந்த ஆணுறையும் சான்றுப்பொருளாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால் ஊருக்குத் தெரியாமல் முடியும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சட்டத்தரணி ஒருவருடன் பேசாமல் உங்கள் தங்கை அடுத்த தவணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. அவர் அந்த அறைக்கு ஏன் போனார் என்று நான் கேட்கப்போவதில்லை. அவர் பணம் பெற்றிருந்தாலும் என் பதில் இதுதான்.

இலங்கையில் வயதுவந்த ஒருவர் பணத்துக்காக உடலுறவு கொள்வதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவு இல்லை. அதைச் சூழ்ந்த செயல்களே தண்டிக்கப்படுகின்றன. 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம், பொது இடத்தில் விபசாரத்துக்கு ஆட்களை அழைப்பதையும் பிறரின் விபசார வருமானத்தில் வாழ்வதையும் தண்டிக்கிறது. 1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டமோ விடுதியை நடத்துபவர், அதன் நிர்வாகத்துக்கு உதவுபவர், தெரிந்துகொண்டே இடம் கொடுப்பவர் ஆகியோரைப் பற்றியது. தொழில் குற்றமில்லை, ஆனால் அதைச் செய்யக்கூடிய வீதியும் வீடும் குற்றத்துக்குரியவை என்ற இந்தக் குழப்பத்தில் அகப்படுபவர்கள் பெரும்பாலும் வசதியற்ற பெண்களே என்பது எனக்கு நீண்டகால மனவேதனை.

ஆகவே வழக்கு 'உதவினார்' என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறது. அறைச் சாவிகள் யாரிடம் இருந்தன, வாடகையை யார் வாங்கினார், பதிவேட்டில் யார் எழுதினார் என்பவற்றை வழக்குத் தொடுநர் நிரூபிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் உங்கள் தங்கையின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வாடகைக்கு வந்தவருக்குரிய வரியில் இருந்தால், அந்த ஒரு வரியே அவருக்குப் பெரிய துணை. அறையில் இருந்தார் என்பது மட்டும் நிர்வாகத்துக்கு உதவியதாகாது. ஆணுறை வைத்திருப்பதைக் குற்றமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. எனினும் அந்த வாக்குமூலம் அவருக்கு வாசித்து விளக்கப்பட்டதா என்பதையும், அவரைச் சோதனையிட்டவர் பெண் உத்தியோகத்தரா என்பதையும் (பெண்ணைப் பெண்தான் சோதனையிட வேண்டும்) இப்போதே எழுதி வையுங்கள்.

தண்டம் சிறிய தொகையாக இருக்கலாம். குற்றத்தீர்ப்போ பதிவில் நிற்கும். நாளை வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போது அது முன்னால் வரும். தானாக ஒப்புக்கொண்ட குற்றத்தை மேன்முறையீட்டில் மறுப்பதும் கடினம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடுங்கள். கைதின்போது அடித்தோ இழிவுபடுத்தியோ இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதற்கான காலம் ஒரு மாதம் மட்டுமே என்பதால் தாமதிக்க வேண்டாம். சட்டத்தரணியைச் சந்திக்கப் போகும்போது பிணைப் பத்திரத்தையும், அறை வாடகைக்கு ரசீது இருந்தால் அதையும் தங்கை கையோடு கொண்டுபோகட்டும்.