மென்திறன் பயிற்சியின் பலன் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் கம்பெனி நடத்துகிறேன். சென்ற ஆண்டு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, தையல் பிரிவில் உள்ள பெண்களுக்கு ஒரு நாள் மென்திறன் வகுப்பு (பேசுவது, பழகுவது, சிக்கலைத் தீர்ப்பது போன்ற திறன்களுக்கான வகுப்பு) நடத்தினோம். எல்லோரும் ரசித்துக் கைதட்டினார்கள். ஆனால் மறுநாள் வேலையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நன்றாகப் பயிற்சி கொடுத்தால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று என் பங்குதாரர் அஞ்சுகிறார். இந்தச் செலவு தேவைதானா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: செலவு தேவைதான், ஒரே நாளில் முடிந்துவிடும் வகுப்புக்கு அதைச் செலவிடுவதுதான் வீண். தெரியாததைத் தயங்காமல் கேட்பது, மெஷினில் கோளாறு என்றால் உடனே சொல்வது, பக்கத்து இருக்கைக்காரரோடு மனஸ்தாபம் வந்தால் பேசித் தீர்ப்பது ஆகியவையெல்லாம் பழக்கங்கள். இன்று வகுப்பில் கேட்டதை நாளை லைனில் செய்துபார்த்து, சரிவராததை அடுத்த வாரம் வகுப்பில் பேசி, மறுபடியும் முயல்வதற்கு இடம் இருந்தால்தான் அவை படியும்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுக்காக அமெரிக்காவின் கேப் ஆடை நிறுவனம் 2007-இல் பேஸ் என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஐந்து தொழிற்சாலைகளில் அந்தத் திட்டம் நடந்தபோது, அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நைஷாதம் ஆகிய பொருளியலாளர்கள் அதன் பலனை அளந்தார்கள். விருப்பம் தெரிவித்த பெண்களிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 80 மணி நேரப் பயிற்சியைப் பல மாதங்களுக்குப் பரப்பிக் கொடுத்தார்கள். பேச்சுத்திறன், சிக்கலைத் தீர்க்கும் முறை, நேர மேலாண்மை, பணத்தைக் கையாள்வது, உடல்நலம், சட்ட உரிமைகள் எனப் பாடங்கள் விரிந்திருந்தன. குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் கூடியிருந்தது. அவர்களோடு ஒரே லைனில் வேலை செய்த, பயிற்சி பெறாத பெண்களின் திறனும் உயர்ந்திருந்தது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் துணி நகரும் வேலையில், ஓரிடத்தில் தேக்கம் குறைந்தால் முழு லைனும் வேகம் பெறும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பங்குதாரரின் அச்சத்துக்கும் அந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது. வேலையை விட்டு விலகியோரின் அளவில் பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சி முடிந்த எட்டு மாதங்களில் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர ஆதாயம், செய்த செலவைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

இன்னோர் எண்ணையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களின் கூலி அரை சதவீதம்தான் கூடியது. திறன் 13.5 சதவீதம் உயர்ந்து, கூலி 0.5 சதவீதம் உயர்ந்தது என்றால், பலனில் ஏறக்குறைய முழுவதும் முதலாளியின் பக்கம் சேர்ந்துவிட்டது என்று பொருள். இது நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் கம்பெனியில் பயிற்சியைத் தொடங்கும்போதே, முடித்தவர்களுக்குக் கிரேடு உயர்வு என்ன, கூலியில் கூடுதல் எவ்வளவு என்பதை எழுதி அறிவித்துவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், வேலை நேரத்துக்குள்ளேயே, இருபது முப்பது பேர் கொண்ட குழுவாக நடத்துங்கள். ஆர்டர் நெருக்கடி வரும் வாரத்தில் முதலில் வெட்டப்படுவது பயிற்சி வகுப்பாகவே இருக்கும். அதற்கு இடம் கொடுத்தீர்களானால், இது எவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கருதுகிறீர்கள் என்பதைத் தொழிலாளர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: ஏற்றுமதி ஆடை நிறுவனம் ஒன்றில் பத்து ஆண்டுகள் டெய்லராக இருந்து, அண்மையில் லைன் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். சத்தம் போடாமல் டார்கெட்டை முடிக்க முடியாது என்கிறார் மேலாளர். எனக்கு அப்படிப் பேச வரவில்லை, பேசவும் மனமில்லை. வேறு வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கிறது, சகோதரி. உங்களுக்கு வராத அந்தப் பேச்சு வராமலே இருக்கட்டும். தைக்கத் தெரிந்தவருக்கு ஆட்களை நடத்தவும் தெரிந்திருக்கும் என்று நிறுவனங்கள் எண்ணிக்கொள்கின்றன. இது தனியாகக் கற்றுத் தர வேண்டிய தொழில் என்பதை உலகம் உணர்ந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, அனுபவமில்லாத தொழிலாளர்கள் பெருமளவில் ஆலைகளுக்குள் வந்ததால், அமெரிக்க அரசு 1940-இல் தொழிலகங்களுக்குள்ளேயே பயிற்சி தரும் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கி 1945 வரை நடத்தியது. வேலையைக் கற்றுக்கொடுப்பது, வேலை முறையைச் செம்மைப்படுத்துவது, பணியாளர்களோடு உறவைப் பேணுவது என்று மேற்பார்வையாளர்களுக்கு மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு, இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள். அவரவர் பிரிவில் எழுந்த உண்மையான சிக்கலையே கொண்டுவந்து பேச வேண்டும். போருக்குப் பின் இந்த முறை ஜப்பானுக்குச் சென்று, டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றியது.

அதன் மூன்றாம் பாடத்தில் சொன்ன நான்கு வழக்கங்களை நாளைக்கே உங்கள் லைனில் தொடங்கலாம். ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை அவருக்கே அவ்வப்போது சொல்லிவிடுங்கள். நன்றாகச் செய்தால் அன்றே பாராட்டுங்கள். ஸ்டைல் மாற்றமோ இட மாற்றமோ வரப்போகிறதென்றால் முன்கூட்டியே காரணத்தோடு தெரிவியுங்கள். யாருக்கு எந்த ஆபரேஷன் (தையலின் ஒரு கட்ட வேலை) நன்றாக வரும் என்று பார்த்து அவருக்கு அதைக் கொடுங்கள். சிக்கல் வந்தால் முதலில் விவரங்களைத் திரட்டி, பிறகு முடிவெடுத்து, அதன்பின் செயல்பட்டு, கடைசியில் விளைவைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் அந்தப் பாடம். சத்தம் போடுகிறவர் முதல் படியைத் தாண்டி நேரே மூன்றாம் படிக்குப் போய்விடுகிறார். காலையில் ஒரு பெண்ணின் கை மெதுவாக ஓடுகிறதென்றால், ஊசி மழுங்கியிருக்கலாம், முந்தைய ஆபரேஷனில் வெட்டு சரியில்லாமல் வந்திருக்கலாம், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கலாம். அருகில் சென்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

ஆனாலும், மேலே இருப்பவர் திட்டிக்கொண்டே இருக்கும் இடத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் மாறினால் போதாது. உங்கள் ஊரின் பெயரால் அறியப்படும் 2022-ஆம் ஆண்டின் திண்டுக்கல் ஒப்பந்தம் இதற்கு வழிகாட்டுகிறது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், ஆடைத் தொழிலாளர்களின் கூலிக்காகப் பாடுபடும் ஆசியத் தளக் கூலிக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகளும் கையெழுத்திட்ட அந்த ஏற்பாட்டில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தெரிவுசெய்து, துன்புறுத்தலைக் கண்டறிந்து முறையிடப் பயிற்சி தரப்பட்டது. முறையிட்டவரைப் பழிவாங்குவதற்குத் தடையும் இருந்தது. பயிற்சியும் பாதுகாப்பும் சேர்ந்து வரும்போதுதான் வாய் திறக்கும் துணிவு பிறக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உங்கள் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையாவது லைனில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

கேள்வி: மருத்துவமனை ஒன்றின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வரவேற்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி முடிந்ததும் கருத்துப் படிவம் கொடுக்கிறோம். எல்லோரும் ‘மிக நன்று’ என்றே எழுதுகிறார்கள். பலனை எப்படி அறிவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இலேயே பயிற்சியின் பலனை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, பணியிடத்தில் அவர் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பயன் விளைந்ததா. உங்கள் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. மூன்று மாதம் கழித்து, நோயாளியின் உறவினர் ஒருவர் கட்டண விவரம் கேட்டு மூன்றாம் முறையாக வரும்போது உங்கள் பணியாளர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை நேரில் நின்று கவனியுங்கள். புகார்ப் பதிவேட்டைப் பயிற்சிக்கு முன், பின் என்று ஒப்பிடுங்கள். இரண்டு பகுதிகளில் ஒன்றுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, மற்றதற்குப் பிறகு கொடுத்தால் ஒப்பீடு இன்னும் தெளிவாகும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மென்திறன் வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்து, வராவிட்டால் மதிப்பீட்டில் புள்ளி குறையும் என்கிறார்கள். இது சரியா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சரியில்லை. நிறுவனத்துக்காகக் கற்பதும் வேலைதான். கட்டாயம் என்று சொல்லிவிட்டால் அந்த நேரத்துக்குச் சம்பளமோ, ஈடாக வேறு நாளில் விடுப்போ தந்தாக வேண்டும். வீட்டையும் பிள்ளைகளையும் கவனிக்க அந்த ஒரு நாளையே நம்பியிருக்கும் பெண்களுக்கு இதனால் இரட்டைச் சுமை. தனியாகச் சென்று கேட்டால் உங்கள் ஒருவரின் குறையாகவே பார்ப்பார்கள். சக ஊழியர்களோடு சேர்ந்து, வார நாளில் எந்த நேரம் ஒத்துவரும் என்ற மாற்று யோசனையையும் எழுதி மனிதவளப் பிரிவில் கொடுங்கள்.